தொட்டுப் பார்க்கும் உரிமை: கனகசெட்டிக்குளம் பிரகடனம்

புதுச்சேரியின் வடக்கு எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கனகசெட்டிக்குளத்தில் கூடியிருக்கிறோம். எங்களில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் விற்கிற பெண்கள், பள்ளி ஆசிரியர்கள், படகு இன்ஜின் மெக்கானிக்குகள், பல்கலைக்கழக மாணவர்கள், பெற்றோர் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் தொழில்நுட்பக் கூடம் வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே கைகட்டி நிற்கும் கூடம் போதாது. கையை விட்டு, திருகி, கழற்றி, தப்பாக மாட்டி, மறுபடி கழற்றிப் பார்க்கும் கூடம் வேண்டும். அதைக் கேட்டுப் பெறவும், கிடைக்கும்வரை எங்கள் கையாலேயே கட்டவும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எதை எதிர்க்கிறோம்

பாடப்புத்தகத்தில் அலை ஒரு வளைகோடு. முகடு, அகடு, அலைநீளம் என்று அம்புக்குறி போட்டிருக்கும். அதைப் பார்த்து வரைந்தால் மதிப்பெண். வாசலில் வந்து மோதும் அலைக்கும் இந்தக் கோட்டுக்கும் என்ன உறவு என்று யாரும் எங்கள் பிள்ளைகளைக் கேட்பதில்லை. பரீட்சைக்கு ஒரு கடல், பிழைப்புக்கு ஒரு கடல் என்று இரண்டாகிவிட்டது. இந்தப் பிரிவினையைத்தான் எதிர்க்கிறோம்.

செய்து பார்க்கும் கூடம் உலகத்துக்குப் புதிதல்ல. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ழான் பெரென் 1937இல் பாரிஸில் கண்டுபிடிப்பு மாளிகையை நிறுவினார். அறிஞர்களின் சோதனைகள் அங்கே பொதுமக்கள் கண்முன் நடந்தன. அந்த ஆண்டு புதுச்சேரியிலும் பறந்தது அதே பிரெஞ்சுக் கொடிதான்; மாளிகை மட்டும் கப்பலேறி இங்கே வரவில்லை. 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொடங்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அரசியல் காரணத்தால் பல்கலைக்கழக வேலையை இழந்து, மாடு வளர்த்து, கொலராடோவில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். கூடத்தின் பட்டறையைப் பார்வையாளர் கண்ணில் படும்படி அவர் அமைத்தார். காட்சிப்பொருள்களின் செய்முறையைச் 'சமையல் நூல்' என்றே பெயரிட்டு அந்தக் கூடம் ஊருக்கெல்லாம் கொடுத்தது. நம் நாட்டிலும் கொல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959இல் திறந்தது. 1965இலேயே காட்சிப்பொருள்களை வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. சென்னைக்குக் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் மையம் இருக்கிறது. புதுச்சேரிக்கு லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும் மதிக்கிறோம். ஆனால் பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாகப் போய், ஆளுக்கு ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வருவதைச் சோதனை என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். பொத்தானை யார் அமுக்கினாலும் அதே விளக்குத்தான் எரியும். பிள்ளை எதையாவது மாற்றவும், மாற்றியதால் விளைவு மாறவும் வேண்டும். அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது.

எங்கள் கூடத்தில் என்ன இருக்கும்

முதலில் ஒரு மணல் தொட்டி. கரைக்குச் சாய்வாக அலை எழுப்பும் பலகை ஒரு பக்கம், மணல் கரை மறுபக்கம். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கடலோரத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கின்றன. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுக வாயிலில் கல்தடுப்புகள் எழுந்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து ஒவ்வொரு குப்பமாக வந்தது. எங்கள் கரையோரக் கிராமங்கள், கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு கேட்டுச் சாலையில் உட்கார்ந்திருக்கின்றன. தொட்டியில் பிள்ளையே ஒரு தூண்டில் வளைவை வைக்கட்டும். தன் பக்கம் மணல் தங்குவதையும், அடுத்த பக்கம் குழி விழுவதையும் பார்க்கட்டும். வளைவை நகர்த்தி, குறுக்கி, நீட்டி, மணலை அள்ளி மறுபக்கம் போட்டுப் பார்க்கட்டும். ஓர் ஊரைக் காப்பாற்றும் கல் இன்னோர் ஊரின் மணலைப் பிடித்துவைக்கிறது என்பதைப் பத்து வயதில் கையால் அறிந்தவர், நாளை திட்ட அறிக்கையை முன்னால் வைத்தால் சரியான கேள்வி கேட்பார்.

அடுத்தது, சுனாமியைச் செய்து பார்க்க, ஆழம் மாற்றக்கூடிய நீண்ட தண்ணீர்ப் பாதை. 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் 36 கிலோமீட்டராகக் குறையும். முன்னால் போவது மெதுவாக, பின்னால் வருவது அதன்மேல் நெருங்க, அலை உயரும். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகே கடல் நம் கரைக்கு ஏறி வந்தது. அந்த இரண்டு மணி நேரம் நம் கையில் இருந்தது, தகவல்தான் இல்லை. புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு கிராமத்திலோ, சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தியை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் தப்பியது. அறிவு ஊருக்குள் பொது இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

மூன்றாவது, கிரகணம் கணிக்கும் சோழிப் பலகை. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் கப்பலிலிருந்தே பார்க்க வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1769 ஜூனில் இங்கே தொலைநோக்கியோடு நின்றார்; மேகம் மறைத்தது. ஆனால் வேறொன்று கிடைத்தது. சோழிகளை வைத்து, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிக்கும் தமிழ் முறையை அவர் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30இல் நடந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தக் கணக்கு 41 விநாடி பிசகியது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் சந்திர அட்டவணை 68 விநாடி பிசகியது. 1825லும் ஜான் வாரன் என்ற ஆய்வாளர் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரிடம் இதே முறையைக் கண்டு 'கால சங்கலிதம்' என்ற தன் நூலில் பதிந்தார். பெருமை பேசிக் கைதட்ட இதைச் சொல்லவில்லை. சோழிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அடுத்த கிரகணத்தைக் கணிக்கச் சொல்லி, கடிகாரத்தோடு கரையில் நின்று எத்தனை நிமிடம் பிசகியது என்று எழுத வைப்போம். பழைய அறிவையும் சோதித்துத்தான் ஏற்போம்.

இவற்றோடு பிளந்து வைத்த படகு இன்ஜின், ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் கருவி. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், எதிரொலி 0.04 விநாடியில் திரும்பினால் ஆழம் 30 மீட்டர். அப்பாவின் படகிலிருக்கும் பெட்டி தினமும் போடும் வகுத்தல் கணக்கு இது.

கொள்கைகள்

1. தொடுவது பிள்ளையின் உரிமை. 'தொடாதே' என்ற பலகை இருக்காது. ஆபத்து இருக்கும் இடத்தில், என்ன ஆபத்து, ஏன் என்று எழுதியிருக்கும்.

2. பொருள்கள் உடையும். உடைவதற்கான செலவு முதல் நாளே கணக்கில் எழுதப்படும். உடைத்த பிள்ளையைத் திட்டாமல், பட்டறையில் கூட உட்கார வைத்துச் சரிசெய்வோம்.

3. பலகைகளில் விடை கடைசியில் வரும். முதலில் கேள்வி, பிறகு 'இதை மாற்றிப் பார்' என்ற அழைப்பு.

4. மொழி தமிழ். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகளுக்குக் கடற்கரை வைத்த பெயர்கள் அறிவியல் பெயர்களுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் இருக்கும்.

5. இந்த ஊர்ப் பட்டறையில் பழுது பார்க்க முடியாத எதையும் வாங்க மாட்டோம்.

6. பெண்பிள்ளைகள் கையில் ஸ்பேனரும் சால்டரிங் கம்பியும் இருக்கும். வரவேற்பு மேசைக்கும் கோலத்துக்கும் மட்டும் அவர்களைக் கூப்பிட மாட்டோம்.

7. நுழைவுக் கட்டணம் இல்லை. மாலையிலும் ஞாயிறிலும் கூடம் திறந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் முழுநாளும் திறந்திருக்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான், பல அப்பாக்கள் கரையில் இருப்பதும் அப்போதுதான்.

8. வழிகாட்டிகளில் பாதிப் பேர் கடலையும் இயந்திரத்தையும் கையாண்டு கற்றவர்கள். பட்டம் இல்லை என்பதற்காக யாரும் விலக்கப்பட மாட்டார்கள். பட்டம் இருக்கிறது என்பதற்காக யார் சொல்வதையும் சோதிக்காமல் ஏற்க மாட்டோம்.

கோரிக்கைகள்

புதுச்சேரி அரசே, எங்களுக்கு ஒரு கட்டடமும், ஆண்டுதோறும் பராமரிப்பு நிதியும் வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டைவிடப் பராமரிப்பு நிதி பெரிதாக இருக்கட்டும்.

1985இல் தொடங்கிய, காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகமே, கழித்துப்போடும் கருவிகளை எங்களிடம் கொடுங்கள். வாரத்தில் ஒரு மாலை மாணவர்களை அனுப்புங்கள்.

தலைமை ஆசிரியர்களே, வாரம் இரண்டு பாடவேளை விடுங்கள். அதை மதிப்பெண்ணாக மாற்றாதீர்கள்.

மீனவப் பஞ்சாயத்தார்களே, வலைக்கூடத்தில் ஒரு மூலை கொடுங்கள். கட்டடம் வரும்வரை அங்கே தொடங்குகிறோம்.

உறுதிமொழி

இந்த மண்ணுக்கு இது பழக்கமான வேலை. எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தில் புதுச்சேரித் தெருக்களில் மாலை வகுப்புகளை நடத்தியது ஊதியம் வாங்காத தொண்டர்கள்தான். தமிழ்நாடு, புதுவை அறிவியல் இயக்கங்களின் 'துளிர்' இதழ் 1987 முதல் பிள்ளைகளிடம் போய்க்கொண்டிருக்கிறது. எழுத்தைத் தெருவுக்குக் கொண்டுவர முடிந்த ஊரில் சோதனையையும் கொண்டுவர முடியும்.

நிதி வரும், ஆணை வரும் என்று காத்திருக்க மாட்டோம். மணல் தொட்டியை முதலில் செய்வோம். அதன் அளவு, செலவு, செய்முறை, எங்கே சொதப்பினோம் என்பது எல்லாவற்றையும் வெளியிடுவோம். பிள்ளைச்சாவடியோ வீராம்பட்டினமோ காரைக்காலோ யாரையும் கேட்காமல் எடுத்துச் செய்துகொள்ளட்டும். காலாப்பட்டு முதல் மரக்காணம் வரை பள்ளிகளுக்கு வண்டியில் கொண்டுபோவோம்.

சேர விரும்புகிறவர்களுக்குச் சந்தா இல்லை. கையில் தெரிந்த ஒரு தொழிலும், பிள்ளை கேட்கும் கேள்விக்கு "தெரியாது, வா, செய்து பார்ப்போம்" என்று சொல்லும் மனமும் போதும்.