சுவரில் வளரும் ஆர்க்கிட்

வீட்டினுள் செடி வளர்ப்பதே வீண் என்பாரும், அதனையும் மண்ணின்றிப் பலகையிற் கட்டிச் சுவரில் தொங்கவிடுதல் செல்வர்தம் விளையாட்டு என்பாரும் நம்முட் பலர் உளர். யான் அக்கருத்துக்கு உடன்படேன். ஆர்க்கிட் என்னும் செடிகளுட் பெரும்பாலனவற்றிற்குச் சட்டியினும் சுவரே தக்க இடம் என்பதும், அங்ஙனம் சுவரில் ஏற்றப்படுஞ் செடி காட்டினின்று பறிக்கப்பட்டதாயிருத்தல் கூடாது என்பதும் எனது துணிபு.

இதனை எடுத்துரைக்க எனக்குள்ள தகுதி, யான் செய்த ஒரு பிழையே. மாணவனாயிருந்த காலத்தில், தாவர நூல் வகுப்பினருடன் மலைநாட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கு ஒரு முதுமரத்தின் கவட்டில் சிறு பூங்கொத்துடன் விளங்கிய ஆர்க்கிட் ஒன்றைக் கண்டு ஆசை மேலிட்டு, ஒருவரும் அறியாமற் பிடுங்கினேன். மரப்பட்டையை இறுகப் பற்றியிருந்த வேர்கள் பாதி அறுந்து மரத்திலேயே தங்கின. ஊருக்கு மீண்டபின் அதனைச் செம்மண்ணும் எருவும் இட்ட சட்டியில் நட்டு, துளசிக்கு வார்ப்பதுபோற் காலையும் மாலையும் நீர் வார்த்தேன். ஒரு திங்களுக்குள் வேர்கள் கறுத்து அழுகின. இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. "நம் ஊர் வெயில் இதற்கு ஆகாது" என்று நண்பரிடம் கூறினேன். பழி வெயிலின்மேற் சென்றது. குற்றமோ என் கையது.

அச்செடியின் இயல்பை யான் அறிந்திலேன். உலகில் 25,000க்கு மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. நிலத்தில் வேரூன்றுவனவும் அவற்றுள் உண்டெனினும், பெரும்பாலானவை மரங்களின்மேல் வாழ்வன. மரத்தின்மேல் வாழ்வதனால் அவற்றைப் புல்லுருவியோடு ஒன்றாக எண்ணுதல் தவறு. புல்லுருவி மரத்தினுள் வேர் செலுத்தி அதன் சாற்றை உண்பது. ஆர்க்கிடோ மரத்தினிடம் நிற்க இடம் ஒன்றே கேட்பது. மழையும் பனியும் பட்டைமேல் மக்கிய சருகுமே அதற்கு உணவு தருவன. இவ்விருவகைச் செடிகளுக்கும் உள்ள வேற்றுமையை நம் மாணவருட் பலர் தேர்வுத்தாளில் எழுதுவர், தோட்டத்தில் மறப்பர்.

அதன் வேரை உற்று நோக்குவார்க்கு எல்லாம் விளங்கும். வேரின் புறத்தே, உயிரற்ற அறைகளாலாகிய பஞ்சுபோன்ற வெண்ணிற உறை ஒன்றுண்டு. நீர் பட்டவுடன் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்பொழுது உள்ளேயுள்ள பசுமை புலப்பட, வேர் பச்சை நிறம் பெறும். உலர்ந்தபின் மீண்டும் வெள்ளியென வெளுக்கும். நனைதல், உலர்தல் என்னும் இவ்விரண்டும் மாறிமாறி நிகழவேண்டும். ஈரமண்ணுள் புதைத்தால் காற்றின்றி அவ்வேர் அழியும். யான் நட்ட செடி மாண்டதும் இதனாலேயே.

ஆதலின் பலகையிற் கட்டுதல் அணிசெய்தற்கு மட்டும் உரிய முறையன்று. செடியின் வாழ்க்கைக்கு இசைந்த முறை. எளிதில் உளுத்துப் போகாத கட்டை அல்லது மரப்பட்டை ஒன்று போதும். தேங்காய் மட்டையாயின் பலநாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிமாற்றி, அதன் உப்பையும் கறையையும் போக்குதல் வேண்டும். வேருக்கடியில் மெல்லிய பாசி சிறிது வைத்து, நூலாலேனும் தூண்டில் நரம்பாலேனும் செடியை அசையாதபடி கட்டுக. செம்புக் கம்பி வேருக்கு நஞ்சு, அதனை விலக்குக. பெலனாப்ஸிஸ் என்னும் வகையைக் குருத்து சற்றே கீழ்நோக்கிச் சாயும்படி கட்டல் வேண்டும்; குருத்தில் நீர் தங்கின் அழுகும். புதுவேர்கள் கட்டையைப் பற்றியபின் கட்டை அவிழ்த்துவிடலாம்.

"சுவர் நனைந்து பாழாகாதோ?" என்பது அடுத்த வினா. பலகையைச் சுவரிலேயே வைத்து நீர் தெளிப்பார்க்கு அக்கேடு நேரும். காலைதோறும் ஆணியினின்று எடுத்து, வாளி நீரில் சிறிது பொழுது அமிழ்த்தி, நீர் வடிந்தபின் மாட்டுவார்க்கு அது நேராது. பலகையின் பின்புறம் இரு சிறு மரத்துண்டுகளை அறைந்தால் சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்று உலவும். கிணற்று நீர் உப்பாயின் மழைநீரைச் சேமித்து வழங்குக. கிழக்குச் சன்னலின் அருகே, இளவெயில் படும் சுவர் நன்று. உச்சிவெயில் இலையைத் தீய்க்கும். ஒளி குறைந்தால் இலை கரும்பச்சையாகித் தழைக்கும், பூவாது. சன்னல் இல்லாத சுவரில் அதனை மாட்டுதல், உணவில்லாத வீட்டிற்கு விருந்தினரை அழைத்தல் போலாம்.

இம்முறையிற் குறையே இல்லையென்று கூறேன். சட்டியிலுள்ள செடி இரண்டொருநாள் மறதியைப் பொறுக்கும். பலகையிலுள்ளது நம் கோடையில் ஒருநாள் மறதியையும் எளிதிற் பொறாது. விடுமுறைக்குச் செல்லும் மாணவன் அதனை நம்பத்தக்க ஒருவரிடம் ஒப்புவித்தே செல்லவேண்டும். அந்நாள்தோறுங் கவனிப்பு இயலாதவர் இதனை மேற்கொள்ளாதிருத்தலே நன்று. ஆனால் என் அனுபவத்தில், காலையிற் பத்து நிமிடம் ஒரு வேரின் நிறத்தை நோக்கும் பழக்கம், நூலிற் படித்ததைக் கண்ணாற் காணுமாறு பயிற்றியது.

இனி, இன்றியமையாத ஒன்றுண்டு. 1850ஆம் ஆண்டு, இன்று மேகாலயத்திலுள்ள காஸி மலைகளுக்குச் சென்ற ஜோஸப் ஹூக்கர் என்னும் தாவர நூற் புலவர், நீல வாண்டா என்னும் ஆர்க்கிட்டை ஏழு ஆள் சுமையளவு திரட்டி இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்திற்கு அனுப்பினார். உயிருடன் சேர்ந்தவை மிகச் சிலவே. அவருக்குப் பின்னும் பறித்தல் நின்றபாடில்லை. பின்னாளில், 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அச்செடியைக் காக்க முன்வர நேர்ந்தது. கற்றறிந்த பெரியார் ஏழு சுமை எடுத்தார். யான் ஒன்று எடுத்தேன். அளவு வேறு; எண்ணம் ஒன்றே.

அன்று காட்டையன்றி வேறு வழி அரிதாயிருந்தது எனலாம். ஆர்க்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. முளைக்கு வேண்டிய உணவு அதனுள் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையாலேயே அது முளைக்கிறது என்பதை 1899இல் நோயல் பெர்நார் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார். பூஞ்சணமின்றியே சர்க்கரை கலந்த கூழில் அதனை முளைப்பிக்கலாம் என்று 1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்ஸன் காட்டினார். அதன் பயனாக இன்று குப்பிகளில் முளைத்த செடிகள் பண்ணைகளில் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. இங்ஙனமாகவும் மரத்தினின்று பறிப்பார்க்குச் சொல்லத்தக்க சமாதானம் யாதும் இல்லை.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு யான் கூறுவது இது: மலைக்குச் சென்றால் படம் எழுதி வாருங்கள், குறிப்பு எழுதி வாருங்கள், செடியை மரத்திலேயே விட்டு வாருங்கள். சுவருக்கு வேண்டின் பண்ணையில் வாங்குங்கள். தாவர நூல் ஆசிரியர்களும், சுற்றுலாவினின்று மீளும் பைகளை ஒருமுறை நோக்குவார்களாயின் நன்று. என் பையை அன்று எவரேனும் நோக்கியிருந்தால், யான் நாணியிருப்பேன். அச்செடியோ அம்மரத்தின் கவட்டிலேயே இருந்திருக்கும்.