கரவனும் லான்ட்மாஸ்டர்ப் பெட்டியும்



சென்ற மாதம் ஜேர்மனியில் இருக்கும் என் தங்கையின் மகள் தொலைபேசி எடுத்தாள். "பெரியம்மா, இவர் கரவன் ஒண்டு வாங்கவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறார். எங்கடை கார் அதை இழுக்குமோ எண்டு கேட்டால், 'அதெல்லாம் இழுக்கும், நீர் சும்மா இரும்' எண்டுறார். நீங்களாவது ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். கரவன் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கோடை விடுமுறையில் அதை இழுத்துக்கொண்டு போய்க் கடற்கரையிலோ காட்டோரத்திலோ நிறுத்திவிட்டுத் தங்குவார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற என்னிடம் கேட்கிறாளே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்தேன். வீட்டைப் பெட்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனதில் எங்களுக்கு இல்லாத அனுபவமா?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த இரவில், நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு லான்ட்மாஸ்டரில் புறப்பட்டோம். பெரிய பெட்டியாகப் பார்த்து இரவல் வாங்கிக் கொழுவியிருந்தார்கள். கிடைத்ததையெல்லாம் ஏற்றினோம். பாரமான அரிசி மூட்டைகளும் தையல் மெசினும் கடைசியாக வந்தபடியால் பின்பக்கத்தில் ஏறின. மழை வேறு. நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது லான்ட்மாஸ்டரின் கைபிடி மேலே எழும்பத் தொடங்கியது. சில்லு சேற்றில் சும்மா சுற்றியது. பக்கத்தில் மாட்டு வண்டிலோடு நின்ற முதியவர் ஒருவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பின்பாரம் பிள்ளையள், மூட்டையை முன்னுக்கு இழுங்கோ" என்றார். இழுத்தோம். அப்படியும் பாரம் கூட. தையல் மெசினை மதகோரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனோம். அந்த மெசினில்தான் எங்கள் வீட்டு வருமானம் இருந்தது.

அந்த முதியவரின் சொல்லுக்குள் இந்த விஷயத்தில் பாதி அடங்கிவிடும். வண்டிலில் பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் தொண்டையைக் கயிறு இறுக்கும். முன்பாரம் கூடினால் கழுத்து அமுங்கும். முன்னுக்குக் கொஞ்சம் கூடுதலாக, அளவாக இருக்க வேண்டும். கரவனுக்கும் இதே கணக்குத்தான். கொழுவும் இடத்தில் அது காரை அழுத்தும் பாரம், ஏற்றி முடிந்த மொத்த நிறையில் 5 முதல் 7 சதவீதம் வரை இருப்பது நல்லது என்று இங்கிலாந்தில் சொல்கிறார்கள். இது குறைந்தால் வேகத்தில் கரவன் பாம்பு போல நெளியத் தொடங்கி, காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

மகள் காரின் பத்திரத்தையும் அவர் பார்த்து வைத்திருந்த கரவனின் விளம்பரத்தையும் படமெடுத்து அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரும் பேனையுமாக இருந்தேன். ஜேர்மனியப் பத்திரத்தில் ஓ.1 என்ற கட்டத்தில், பிறேக் உள்ள பெட்டியானால் எவ்வளவு இழுக்கலாம் என்று போட்டிருக்கும். அவர்களுடைய காருக்கு 1,500 கிலோ. மருமகன் விரும்பிய கரவனுக்கு அனுமதித்த மொத்த நிறை 1,700 கிலோ. அது வெறுமையாக 1,450 கிலோதான் என்று விற்பவர் சொன்னாராம். வெறும் கரவனை இழுத்துக்கொண்டு யார் விடுமுறைக்குப் போகிறார்கள்?

அனுமதிப்பத்திரத்திலும் இடித்தது. அவரிடம் இருப்பது பி வகுப்பு. 750 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியானால், காருக்கும் பெட்டிக்கும் அனுமதித்த நிறைகளைக் கூட்டினால் 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. காருக்கு 2,000, கரவனுக்கு 1,700. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அடுத்ததாக அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். மொத்தம் 1,300 கிலோ, வெறுமையாக 1,150. இது சட்டத்துக்குச் சரி. மிச்சம் 150 கிலோ இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். "அப்ப என்னென்ன ஏத்துவாய், சொல்லு பாப்பம்" என்றேன். தண்ணீர் 40 லீற்றர் என்றால் 40 கிலோ. 11 கிலோ வாயு சிலிண்டர், இரும்பு நிறையோடு இருபதைத் தாண்டும். முன்னால் விரிக்கும் கூடாரம் ஒரு 25. மடக்கு மேசை, கதிரை, படுக்கை. பிறகு எங்கள் சனத்தின் சாமான்: 20 கிலோ அரிசிப் பை, இடியப்ப உரல், சோறு ஆக்கும் குக்கர், பருப்பு, மா, தூள். பிள்ளைகளின் சைக்கிளுக்கு வருமுன்னரே 150 முடிந்துவிட்டது. ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இதை வாசித்தால், இரண்டு கிழமைக்கும் அரிசியை இங்கிருந்தே கட்டவேண்டியதில்லை என்று தயவுசெய்து நினைத்துக்கொள்ளுங்கள். போகிற இடத்திலும் கடை இருக்கிறது.

இங்கிலாந்தில் கரவன் பாவிப்போர் அமைப்புகள் புதிதாக இழுப்பவர்களுக்கு இன்னொரு அளவு சொல்கின்றன: சாமான் ஏற்றிய கரவன், காரின் சொந்த நிறையில் 85 சதவீதத்துக்கு உட்பட்டிருந்தால் நல்லது. கார் 1,500 கிலோ என்றால் 1,275. இது சட்டமல்ல, பழக்கம் வரும்வரைக்கான காப்பு. இழுக்கிற சக்தி பெரும்பாலான கார்களுக்கு இருக்கிறது. இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும்போது தாக்குப்பிடிக்கிற நிறைதான் இல்லாமல் போகிறது.

கொழுவியின் மேல் எவ்வளவு பாரம் வரலாம் என்பது அதே பத்திரத்தில் 13ஆம் கட்டத்தில் இருக்கிறது. அவளுடைய காருக்கு 75 கிலோ. கரவன்காரர் 100 வரை தாங்கும் என்றாராம். இரண்டில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். இதை நிறுக்க விசேட கருவி தேவையில்லை. கரவனைச் சமதரையில் நிறுத்திச் சில்லுக்குக் கட்டை வைத்து, கொழுவும் முனையின் கீழ் ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதன் அடியில் குளியலறைத் தராசை வைத்தால் போதும். பாரமானவை அச்சுக்கு மேலே, தரையோடு. மேல் இறாக்கையில் உடுப்பு மாதிரி இலேசானவை மட்டும்.

"பிள்ளையள் பின்னுக்குக் கட்டிலிலை படுத்துக்கொண்டு வரலாம்தானே?" என்றும் கேட்டாள். கூடவே கூடாது. ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் ஓடுகின்ற கரவனுக்குள் ஆள் இருப்பது சட்டவிரோதம். அன்றிரவு நாங்கள் மூட்டைகளின் மேல் ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனோம். வேறு வழி இருக்கவில்லை. இப்போது வழி இருக்கும்போதும் கோயில் பொங்கலுக்குப் பெட்டி நிறையச் சனத்தை ஏற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இனி எங்கள் பக்கம். தீவகத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாதர் சங்கத்தில் கடன் எடுத்து லான்ட்மாஸ்டருக்குப் பெட்டி வாங்கி, கோடையில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாராம். 2,000 லீற்றர் தாங்கி வைக்கப் பெரிய பெட்டி எடுக்கவா என்பது கேள்வி.

லான்ட்மாஸ்டர் என்பது 1950களில் எங்கள் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்து இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரு சில்லு உழவு இயந்திரத்தின் பெயர். இன்று எந்த நாட்டு மெசினுக்கும் நாங்கள் அதே பெயரைத்தான் சொல்கிறோம். அது வயலுக்குப் பிறந்தது. தெருவில் அதை நிறுத்துவது பெரும்பாலும் பெட்டியின் சில்லில் இருக்கும் கால் பிறேக்தான். ஆகவே சகோதரி, பெயின்ரைப் பார்க்க முன்னர் குனிந்து பிறேக்கைப் பாருங்கள். பாரம் ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 2,000 லீற்றர் தண்ணீர் இரண்டு தொன். தாங்கியும் பெட்டியும் அதற்கு மேல். மெசினோடு வந்த புத்தகத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்று இருக்கும்; புத்தகம் தொலைந்திருந்தால் அதே மெசின் விற்கிற கடையில் கேளுங்கள். பாதி நிரம்பிய தாங்கி நிறைந்ததைவிட மோசம், வளைவில் தண்ணீர் ஒருபக்கம் அடித்து இழுக்கும்.

மதகு இறக்கத்திலும் குளக்கட்டிலும் இன்னொரு பயம் உண்டு. பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது இடது கைபிடியின் கிளச்சை அழுத்தினால் மெசின் வலப்பக்கம் திரும்பும். பழகாத கைக்கு இது தெரியாது. உங்கள் மகன்தான் ஓட்டப்போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

1,000 லீற்றர் தாங்கி எடுங்கள், அச்சுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டுங்கள், இரண்டு தரம் போங்கள். டீசல் கொஞ்சம் கூடச் செல்லும். கடன் சிறிதாக இருக்கும்.

ஜேர்மனியில் இன்னும் முடிவாகவில்லை. மருமகன் இப்போது காரை மாற்றினால் என்ன என்று யோசிக்கிறாராம்.