இணைப்பும் யந்திரமும்

தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில், 90 வித மலர்கள் செதுக்கிய மரவிதானத்தை அண்ணாந்து வியக்கும் யாத்திரிகர்கள், அம்மாளிகையின் உத்தரங்களும் தூண்களும் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் சாமர்த்தியத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. துளைக்குள் நாக்கு பொருந்தும் அந்த முறையே இன்றும் உத்தமமானதாகையால், இணைப்புக்கு மின்கருவி வாங்க எண்ணும் நாஞ்சில் நாட்டுத் தச்சர் முதலில் கேட்க வேண்டியது, அது ஆழத் துளையிடுகிறதா, வெறும் பிளவு கீறுகிறதா என்பதே. பிஸ்கட் ஜாயினர் இரண்டாம் ரகம். பசையின் ஈரத்தில் உப்பும் அதன் மெல்லிய பீச் மரத்துண்டு, பலகைகளைச் சமமாக நிறுத்துமேயன்றி நாற்காலிக் காலின் பாரத்தைச் சுமக்காது. ஜெர்மானிய ஃபெஸ்டூல் நிறுவனத்தின் டோமினோ யந்திரம், வெட்டுமுனை சுழன்றபடியே பக்கவாட்டில் ஊசலாட, தனி நாக்குக்கு க்ஷணத்தில் துளை செய்வது மெய்தான்; விலையைக் கேட்டால் உளியே மேல் என்று தோன்றும்! மேலும், தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் நனைக்கும் நம் ஜில்லாவில், அயினியும் பலாவும் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் இயல்பினவாதலால், உலராத மரத்தில் எந்த யந்திரத்தின் நுட்பமும் வியர்த்தமே. ஆகவே சிறு பட்டறைக்கு, ஆழத் துளையிட நல்லதொரு பிளஞ்ச் ரவுட்டரும், அதை நேர்கோட்டில் நடத்தும் வழிகாட்டிச் சட்டமும், துளையின் மூலைகளைத் திருத்தக் கூரிய உளியும் வாங்குவதே உசிதம். மிச்சப் பணத்தை நன்கு உலர்ந்த மரத்தில் போடுங்கள்.