கரிக்குப் பாதை போட்டது யார்?

சென்ற வாரம் பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தோம். “இந்தியாவுக்கு ரெயிலைக் கொணர்ந்தவர் டல்ஹௌஸிப் பிரபு” என்று ஒரு பையன் எழுதியிருந்தான். பாடப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதியவனைக் குறை சொல்ல முடியுமா? முழு மார்க்கும் போட்டோம். போட்ட பிறகு நமக்குத்தான் மனம் சமாதானம் அடையவில்லை. ரெயிலைக் கொணர்ந்தவர் பெயரைக் கேட்கிறோமே, அதற்கு முதல் போட்டவர் யார், நஷ்டம் வந்தால் பொறுத்தவர் யார் என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பாதை போட்ட வரலாற்றைப் புரட்டினால் இவ்விரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கிறது.

அந்தப் பிரதேசத்தில் கரி உண்டு என்பது 1774-லேயே தெரிந்த விஷயம். ஸம்னர், ஹீட்லி என்ற இரு வெள்ளைக்காரர்கள் அவ்வாண்டிலே தோண்ட அநுமதி பெற்றனர். கரி கிடைத்தது, அதைக் கல்கத்தா சேர்ப்பதுதான் கஷ்டம். இடையிலுள்ள தூரம் சுமார் 120 மைல். வழியோ தாமோதர நதி ஒன்றே. மழைக் காலத்தில் அந்த நதி கரை புரண்டோடும். மற்ற மாதங்களில் வெறும் மணல்வெளி. ஆகவே வருஷமெல்லாம் வெட்டிய கரியைப் படித்துறைகளில் குவித்துவிட்டு, வெள்ளத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். வெள்ளம் வந்ததும் ஊரிலுள்ள படகெல்லாம் ஒரே சமயத்தில் வேண்டும். படித்துறைக்காகவும் படகுக்காரருக்காகவும் சுரங்கக்காரர்களிடையே மூண்ட சச்சரவுகள் கொஞ்சமல்ல. கங்கையில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியபின் கரிக்குக் கிராக்கி ஏறியது. நதி மட்டும் முன்போலவே வருஷத்தில் சில மாதமே வழி விட்டது.

இந்தச் சங்கடத்தை நன்கு அறிந்தவர் துவாரகநாத தாகூர். மகாகவி ரவீந்திரரின் பாட்டனார். அவருடைய கார், தாகூர் கம்பெனி 1836-ல் ராணிகஞ்ச் சுரங்கத்தை 70,000 ரூபாய்க்கு வாங்கிற்று. 1843-ல் போட்டியாளரோடு கலந்து வங்காளக் கரிக் கம்பெனி உருவாயிற்று. 1842-ல் சீமைக்குச் சென்றிருந்த துவாரகநாதர் அங்கே சுரங்கங்களையும் இருப்புப் பாதைகளையும் கண்ணால் கண்டார். சுரங்கத்து வாயிலில் கரியை ஏற்றி நேரே துறைமுகத்தில் இறக்குவதைப் பார்த்த மனிதருக்குத் தம் தாமோதரப் படகுகள் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

அந்தச் சமயத்தில் ரோலண்டு மக்டானல்டு ஸ்டீபன்ஸன் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவுக்கு வந்து, ரெயில் பாதையின் லாபங்களை விளக்கி வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதி அவர்களுடைய அபிப்பிராயம் கேட்டார். 1844-ல் கார், தாகூர் கம்பெனி அளித்த பதிலே நமக்கு முக்கியம். கல்கத்தாவிலிருந்து கரிச் சுரங்கங்கள் வரை பாதை போடுவதாயின், வேண்டிய மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்களே திரட்டித் தருவதாக அவர்கள் முன்வந்தனர். சுதேசி முதலாளி ஒருவர் முக்கிய பாகஸ்தராக இருந்த கம்பெனி சொன்ன வார்த்தை இது.

ஸ்டீபன்ஸனின் யோசனை அதைவிடப் பெரிது. கரிச் சுரங்கப் பக்கமாக மிர்ஸாப்பூர் போய், அங்கிருந்து டில்லி வரை நீளும் பாதை அவர் கண்ட கனவு. இதற்கென 1845-ல் லண்டனில் கிழக்கிந்திய ரெயில்வே கம்பெனி பிறந்தது. எதிரே நின்றது ‘வங்காள கிரேட் வெஸ்டர்ன்’ என்ற மற்றொரு கம்பெனி. அவர்கள் ராஜ்மஹலுக்குப் பாதை போட எண்ணினர். மேற்கிலிருந்து கங்கையில் வரும் சரக்கு ராஜ்மஹலைத் தாண்டிக் கல்கத்தா வருவதுதான் பெரும்பாடு. கோடையில் பாகீரதி வற்றிவிடும். சுந்தரவனத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ராஜ்மஹலில் சரக்கை ரெயிலில் ஏற்றிவிட்டால் அந்தச் சுற்றல் இல்லை. நியாயமான யோசனைதான்.

1846 ஆகஸ்டில் துவாரகநாதர் லண்டனிலேயே காலமானார். அடுத்த ஆண்டில் இரு ரெயில்வே கம்பெனிகளும் ஒன்றாயின. 1848-ல் கல்கத்தா யூனியன் பாங்கு முறிந்தது. கார், தாகூர் கம்பெனியும் விழுந்தது. மூன்றில் ஒரு பங்கு தருகிறோம் என்ற வார்த்தையைக் காப்பாற்ற ஆளில்லாமற் போயிற்று.

1849 ஆகஸ்டு 17-ந் தேதி ஏற்பட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். பத்து லட்சம் பவுனுக்கு மேற்படாமல் ஒரு சோதனைப் பாதை. நிலம் இனாம். போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி நிச்சயம். பாதையில் வருமானம் குறைந்தால் குறைந்ததை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும். குடியானவன் ரெயிலைக் கண்ணால் பாராவிட்டாலும் அவனுடைய வரி லண்டன் பங்குதாரனுக்கு வட்டியாகும்! இது நமது தேசாபிமானத்தின் மிகைக் கூற்று அல்ல. இந்திய சர்க்காரின் பொக்கிஷ மந்திரியாக இருந்த மாஸி துரையே 1872-ல் பார்லிமெண்டு கமிட்டி முன் சாட்சி சொன்னார்: வட்டிக்கு ஜாமீன் இருக்கும்போது, தன் பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினாலென்ன, ஹூக்ளி நதியில் போனாலென்ன, முதலாளிக்கு எல்லாம் ஒன்றுதான் என்பது அவர் சாட்சியத்தின் சாரம்.

துவாரகநாதரைத் தேசபக்தராக்கிப் பூஜை செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர் ஜமீன்தார்; அவுரியிலும் அபினியிலும் பொருளீட்டியவர். தம் கரி விலை போக வேண்டும் என்பதற்காகவே பாதை கேட்டார். ஆனால் தம் பணத்தைப் போட்டுக் கேட்டார். பாதை நஷ்டமடைந்தால் அவர் பெட்டியும் காலியாகும். ஆகையால் ஒரு மைலுக்கு எவ்வளவு செலவு என்று அவர் கணக்குப் பார்த்திருப்பார். அப்படிக் கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே லண்டன்காரர்களுக்கு இல்லாதபடி ஒப்பந்தம் செய்துவிட்டது. அந்த மூன்றில் ஒரு பங்கு இங்கே நின்றிருந்தால், டைரக்டர்கள் கூட்டத்தில் ஒரு வங்காளியின் குரலாவது கேட்டிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

சோதனைப் பாதை எங்கே போவது என்ற கேள்வியில் டல்ஹௌஸி ராணிகஞ்சையே தேர்ந்தார். இந்த மட்டில் நமது பையன் எழுதியது சரிதான். வேலை நடக்கையில் ஒரு வேடிக்கை. சீமையில் செய்த வண்டிகளை ஏற்றி வந்த கப்பல் ஹூக்ளி முகத்தருகே மூழ்கிற்று. எஞ்சினை ஏற்றிய கப்பலோ வழி தவறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் பிரயாணத்துக்கான வண்டிகளைக் கல்கத்தாவிலேயே செய்ய வேண்டியதாயிற்று. அவை நன்றாகவே ஓடின! 1854 ஆகஸ்டு 15-ந் தேதி ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை வண்டி புறப்பட்டது. (அந்தத் தேதி 93 ஆண்டு கழித்து நமக்கு வேறு விதத்தில் சொந்தமாயிற்று.) 1855 பிப்ரவரி 3-ந் தேதி ராணிகஞ்ச் வரை, 121 மைலும் திறக்கப்பட்டது.

போட்டியிட்ட இரண்டு திட்டங்களில் எதுவும் வீணாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரதானப் பாதை பின்னர் ராஜ்மஹல் வழியாகவே கங்கைக் கரைக்குச் சென்றது. 1871-ல் ராணிகஞ்ச் வழியே குறுக்குப் பாதையும் முடிந்தது. வீணானது துவாரகநாதரின் கடிதம் ஒன்றுதான். ராணிகஞ்சுக்கு அருகே தாமோதரக் கரையில் நாராயண்குரி என்னும் இடத்தில், அவர் கம்பெனியின் கரிப் படகுகள் நின்ற படித்துறை இடிந்து கிடக்கிறது.