போடி ரயிலில் சாம்பு

ஏலக்காய்க் கடையில் ரகம் பிரித்துக் கொடுத்துவிட்டு மதுரை ரயில் ஏறினால், ஆண்டிபட்டி வருவதற்குள் ஒரு ‘துப்பறியும் சாம்பு’ கதையை முடித்துவிடுவேன். 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதியது. ஊரே அசடு என்று ஒதுக்கிய பேங்க் குமாஸ்தா சாம்பு. அந்தப் பெரிய மூக்கும் அவருமாக எங்காவது போய் ஏடாகூடமாக எதையாவது செய்வார், திருடன் அகப்பட்டுவிடுவான். இன்ஸ்பெக்டர் கோபாலனோ அதை மேதைமை என்றே கொண்டாடுவார். மூளைக்காரர்கள் மட்டுமே ஜெயிக்கும் மர்மக் கதைகளில் எனக்கு இந்த நிறைவு கிடைத்ததில்லை.

இப்போது துப்பறியும் கதை என்றாலே ரத்தமும் சவமும்தான். விடியலில் ஜீப்பேறி போடிமெட்டு தாண்டி, நாளெல்லாம் குனிந்து ஏலக்காய் பறித்துத் திரும்பும் பெண்களுக்கு, ஒரே மூச்சில் சிரித்துப் படிக்கிற கதை வேண்டும். கிளை நூலகங்கள் தேவனை முன்வரிசையில் வைக்கட்டும். வார இதழ்களும் புதிய சாம்புகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கட்டும்.