புது நாட்டில் நாங்கள்: சமதரை றோட்டுக்கு எந்தச் சைக்கிள்?



சென்ற இதழில் வேலைக்குப் போய்வரும் செலவைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு லூயிஷாம், கற்ஃபோர்ட் பக்கத்திலிருந்து பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "அண்ணை, விடிய ஆறு மணி ஷிப்ற். இரண்டு பஸ் மாற வேண்டும். கெதியாய் ஓடக்கூடிய மலிவான சைக்கிள் ஒன்று எடுத்தால் என்ன? எடுப்பதென்றால் எதை எடுப்பது?" நியாயமான கேள்வி. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் சைக்கிளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

சைக்கிள் ஓட எம்மவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களில் பெற்றோல் தடைபட்ட நாட்களில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, மண்ணெண்ணெய்க் கான், நோயாளி, பள்ளிப் பிள்ளை எல்லாம் கரியரிலும் பாரிலும்தான் போயின. ஆனால் அங்கே நாங்கள் ஓடியவை றலியும் லுமாலாவும். நிமிர்ந்து இருந்து பாரம் ஏற்றி ஓடுவதற்கென்று செய்த இரும்புக் குதிரைகள். இங்கே கடையில் நிற்கிற, ஹாண்டில் வளைந்த றேஸ் சைக்கிள் வேறு வகை. ஊர்ப் பழக்கத்தை மட்டும் நம்பி அதை வாங்கினால் காசும் போகும், முதுகும் போகும்.

நாங்கள் எஞ்சினியர்கள் அல்ல. ஓ.லெவலோடு படிப்பை விட்டு, இப்போது தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவர்கள். வேலைத்தலத்தில் சைக்கிளில் வருகிறவர்களிடம் கேட்டும், நாங்களே ஓடியும் அறிந்ததைத்தான் எழுதுகிறோம்.

முதலில் பாதையைப் பாருங்கள்

லூயிஷாம் முழுவதும் சமதரை அல்ல. பிளக்ஹீத், ஃபொறெஸ்ற் ஹில், ஹில்லி ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் மூச்சு வாங்கும். ஆனால் றேவன்ஸ்போர்ன் ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கும் தேம்ஸ் கரையும் எங்கள் ஊரைப் போலத் தட்டைதான். கற்ஃபோர்ட்டில் இருந்து லேடிவெல், லூயிஷாம், டெப்ற்ஃபோர்ட் என்று வடக்கே போனால் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. சிவன் கோயில் இருக்கும் கிளறென்டன் றைஸ் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஆற்றோடு சேர்ந்து கிறீனிச்சுக்கு இறங்கி, அங்கிருந்து ஆற்றங்கரைப் பக்கமாக சார்ல்ரன் வரைக்கும் மேடு ஏறாமலே போகலாம். எம்மவர் வேலை செய்யும் பட்டறைகளும் களஞ்சியங்களும் பல அந்தக் கரையோரத்தில்தான் இருக்கின்றன.

சைக்கிளுக்கென்று பிரித்த வழிகளும் உண்டு. ரவர் பிறிட்ஜில் இருந்து டெப்ற்ஃபோர்ட் வழியாகக் கிறீனிச்சுக்கு சைக்கிள்வே 4 வருகிறது. ஆற்றோரப் பூங்காக்கள் ஊடாகப் போவது வோட்டர்லிங்க் வே. அது அழகான பாதை. ஆனால் வேகத்துக்கு உரியதல்ல. குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் நாய் கூட்டி வருபவர்களும் அதே பாதையில்தான் நடக்கிறார்கள்.

வேகத்தால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வேலைத்தலம் 9 மைல் தூரத்தில் என்று வையுங்கள். மணிக்கு 12 மைல் வேகத்தில் ஓடினால் 45 நிமிடம். 15 மைல் வேகத்தில் ஓடினால் 36 நிமிடம். ஒன்பது நிமிடம் மிச்சம். ஆனால் வேலைத்தலம் 3 மைலில் என்றால் மிச்சம் மூன்றே நிமிடம். அதையும் இரண்டு சிவப்பு விளக்குகள் தின்றுவிடும். எனவே கிட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்காட்டும் கரியரும் உள்ள சாதாரண சைக்கிள் போதும். தூரம் போகிறவர்களுக்கே றேஸ் சைக்கிள் பயன்.

பாரம் அல்ல, காற்றுத்தான் எதிரி

கடைக்காரர் ஒற்றை விரலால் சைக்கிளைத் தூக்கிக் காட்டுவார். கார்பன், இறகு போல் இருக்கும் என்பார். அதில் மயங்க வேண்டாம். எழுபது கிலோ ஆள் பதினொரு கிலோ சைக்கிளில் ஏறினால் மொத்தம் 81 கிலோ. பல நூறு பவுண் கூடக் கொடுத்து இரண்டு கிலோ குறைத்தால், மொத்தப் பாரத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் குறைகிறது. மலை ஏறுகிறவனுக்கு அது பெரிய விஷயம். சமதரையில் ஓடுகிறவனுக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது.

சமதரையில் எங்களைப் பிடித்து இழுப்பது காற்று. சோளகம் அடிக்கிற காலத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காற்று அடிக்காத நாளிலும் வேகமாக ஓடினால் நாங்களே எதிர்க்காற்றை உண்டாக்குகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் றேஸ் சைக்கிளின் ஹாண்டில் கீழே வளைந்திருக்கிறது. உடம்பைக் குனிந்து சுருக்கினால் காற்றுக்கு முகம் கொடுக்கும் பரப்புக் குறையும். படபடக்கும் பெரிய ஜக்கெற்றை விட்டு உடம்போடு ஒட்டிய ஒன்றைப் போட்டாலே வித்தியாசம் தெரியும். அதற்குக் கார்பன் விலை இல்லை.

ஆகவே அலுமினியம் போதும். நல்ல பழைய ஸ்ரீல் சைக்கிளும் குறைந்ததல்ல. டெப்ற்ஃபோர்ட் ரானர்ஸ் ஹில்லில் விற்கம் என்ற பட்டறை பல்லாண்டு காலம் ஸ்ரீல் குழாய்களை ஒட்டி றேஸ் சைக்கிள் செய்தது. முன்பக்கம் ஸ்பிறிங் வைத்த சைக்கிளை மட்டும் வாங்க வேண்டாம். நல்ல றோட்டில் அது மிதிக்கிற பலத்தைத் தின்னும், பாரமும் கூட.

அளவு, ரயர், கியர், பிறேக்

அளவுதான் முதலாவது. அளவு பிழைத்தால் ஆயிரம் பவுண் சைக்கிளும் வீண். பாருக்கு மேலால் இரண்டு காலையும் ஊன்றி நில்லுங்கள். உடம்புக்கும் பாருக்கும் இடையில் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஐந்தடி ஆறு அங்குல ஆளுக்கு 52 அல்லது 53 சென்ரிமீற்றர் அளவு அநேகமாகப் பொருந்தும். எம்மவர் பலருக்கு 56, 58 எல்லாம் பெரிது. "சீற்றைப் பதித்தால் சரி" என்று விற்பவர் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹாண்டில் எட்டாமல் கழுத்து நோகும்.

அடுத்தது ரயர். முன்பு 23 மில்லிமீற்றர் மெல்லிய ரயர்தான் வேகம் என்று நம்பினார்கள். இப்போது போட்டிக்காரரே 28 போடுகிறார்கள். லண்டன் றோட்டுக் குழிகளுக்கு 28 தான் நல்லது. ஆனால் எல்லாச் சைக்கிளிலும் 28 புகாது. வாங்க முன் இடைவெளியைப் பாருங்கள். எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பது ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும். கிழமைக்கு ஒருதடவை அடியுங்கள். காசில்லாமல் வேகம் கூட்டும் வழி இதுதான். ஒரு விஷயம்: இங்குள்ள றேஸ் சைக்கிளின் வால்வ் மெல்லியது, நுனியில் சின்னத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். அதற்குப் பொருந்துகிற பம்ப்பா என்று கேட்டு வாங்குங்கள்.

கியரில் சிமானோவின் கிளாரிஸ், சோரா என்ற வகைகள் எங்களுக்குப் போதும். எட்டு, ஒன்பது கியர்ச் செயின்கள் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். கியர் கூடக் கூடச் செயின் மெலியும், விலை ஏறும். செயின் தேய்ந்ததும் மாற்றிவிட்டால் பின் சில்லில் உள்ள பல்லுகள் தப்பும். மாற்றாமல் ஓடினால் இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டிவரும்.

பிறேக் இரண்டும் தனித்தனியே வேலை செய்ய வேண்டும். ஊரைப் போலவே இங்கும் வலது கைப் பிறேக் முன் சில்லுக்கு. ஐரோப்பாவில் இருந்து வந்த பழைய சைக்கிளில் மாறி இருக்கலாம். ஓட முன் அமத்திப் பாருங்கள்.

விலையும் பெயரும்

இருநூறு முந்நூறு பவுணுக்குள் பழைய அலுமினிய றேஸ் சைக்கிள் நல்லதாகவே கிடைக்கும். ஆனால் கையில் இருக்கிற முழுக் காசையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். நல்ல பூட்டு, முன் பின் லைற், மட்காட், பம்ப் இவைக்கு நூறு பவுணாவது ஒதுக்குங்கள். டி வடிவ இரும்புப் பூட்டே பூட்டு. கேபிள் பூட்டைக் கத்தரிக்க ஒரு நிமிடம் போதும்.

வேலைத்தலம் மூலம் வரியில்லாமல் சைக்கிள் எடுக்கும் திட்டம் 1999 ஆம் ஆண்டில் இருந்து இந்நாட்டில் உண்டு. சம்பளத்தில் மாதம் மாதம் கழிப்பார்கள். ஆனால் கழித்த பின் சம்பளம் அரசாங்கம் வைத்த ஆகக்குறைந்த கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. அதனால் எங்களைப் போல அந்தக் கூலியிலேயே நிற்பவர்களுக்கு இது பெரும்பாலும் கிடைப்பதில்லை. சம்பளம் சற்றுக் கூடியவர்கள் கேட்டுப் பாருங்கள்.

இனி, இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் மறக்கக் கூடாத விஷயத்துக்கு வருகிறோம். சந்தையிலோ தெரு மூலையிலோ ஒருவர் அறுநூறு பவுண் பெறுமதியான சைக்கிளை எண்பது பவுணுக்குத் தருகிறார் என்றால் அது யாரோ ஒருவருடைய களவுபோன சைக்கிளாக இருக்கலாம். களவுப் பொருள் என்று தெரிந்தோ நம்பியோ வாங்குவது 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி குற்றம். "எனக்குத் தெரியாது" என்று சொன்னாலும், இவ்வளவு மலிவாக ஏன் என்று யோசிக்கவில்லையா எனப் பொலிஸ் கேட்கும். குற்றம் இல்லை என்று ஆனாலும் சைக்கிள் சொந்தக்காரருக்குத்தான் போகும், உங்கள் காசு திரும்பாது. இந்நாட்டவர் ஒருவருக்கு இது ஒரு தலையிடி. எங்களுக்கு அப்படி அல்ல. தீர்ப்பு ஏதும் விழுந்தால் நிரந்தர வதிவிடத்துக்கும் பிரஜாவுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது அதைக் கட்டாயம் எழுத வேண்டும். பத்து வருடம் காத்திருந்த கேஸை எண்பது பவுண் சைக்கிளுக்காகக் கெடுக்கலாமா?

ஆகவே விற்பவரின் வீட்டில் போய் வாங்குங்கள். பெடல் சுழலும் இடத்துக்கு அடியில் பெரும்பாலும் இலக்கம் குத்தியிருக்கும். அது சுரண்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பைக்றெஜிஸ்ரர் என்ற பதிவில் அந்த இலக்கத்தைக் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். பெயர், திகதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாங்கியதும் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள். இங்கிலிஷ் தட்டுப்பட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.

றோட்டில்

இருட்டில் முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற், சிவப்பு றிஃப்ளெக்ரர் சட்டப்படி வேண்டும். ஹெல்மெற் சட்டமில்லை, ஆனால் தலை ஒன்றுதான் இருக்கிறது. நடைபாதையில் ஓடினாலும் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் தண்டம் எழுதலாம். பெரிய லொறியின் இடப்பக்கத்தால் நுழைய வேண்டாம். சாரதிக்கு அந்தப் பக்கம் தெரியாது. லூயிஷாம் கவுன்சில் தன் றோட்டுகளில் 2016 இல் 20 மைல் வேக எல்லையைக் கொண்டுவந்தது. ஆகவே நல்ல சைக்கிளில் போகிற நீங்கள் கார்களுக்குப் பெரிதாகப் பிந்தப் போவதில்லை. இங்குள்ள போக்குவரத்துக்குப் பயமாக இருக்கிறது என்பவர்கள் கவுன்சிலின் சைக்கிள் பயிற்சியைக் கேட்டு எடுங்கள். ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன எங்கள் அக்காமாரும் தங்கைமாரும் இங்கே வந்து ஏன் நிறுத்த வேண்டும்?

உண்மையாகவே பறக்க ஆசைப்படும் பிள்ளைகளை ஹேர்ன் ஹில் ஓட்டத் திடலுக்குக் கூட்டிப் போங்கள். 1891 இல் திறந்த திடல் அது. 1948 ஒலிம்பிக் சைக்கிள் போட்டிகள் நடந்த இடம். றோட்டில் காட்டும் வீரத்தை அங்கே காட்டட்டும்.

சுருக்கமாகச் சொன்னால்: உடம்புக்கு அளவான அலுமினியச் சைக்கிள், 28 ரயர், நிறையக் காற்று, நல்ல பூட்டு, கையில் ஒரு றிசீற். இவ்வளவும் இருந்தால் விடிய ஐந்தரைக்கு இறங்கினாலும் மணி அடிக்க முன் வேலைத்தலத்தில் நிற்கலாம்.

அடுத்த இதழில் பங்சர் ஒட்டுவது, செயின் மாற்றுவது பற்றி எழுதுவோம். உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். மீண்டும் சந்திப்போம்.