மெஷின் மேல பழி போடாதீங்க... வயரைப் பாருங்க! எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட்களில் உள்ள பெரிய தொழிற்சாலைகளில், எந்த மெஷினுக்கு எந்த வயர் என்று பார்க்கவே எலெக்ட்ரிக்கல் ஆட்கள் இருப்பார்கள். காம்பவுண்டுக்கு வெளியே கதை வேறு. சாலையோர ஃபேப்ரிகேஷன் ஷெட்டிலும், தொழிலாளர்களுக்காக எழும்பும் வாடகை வீடுகளிலும் கைக்குக் கிடைத்த வயரில்தான் கட்டிங் மெஷின் ஓடுகிறது.

'மெஷின் இழுக்க மாட்டேங்குது, சீக்கிரம் சூடாகுது' என்றால், முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள்.

என்ன நடக்கிறது?

வயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால், வழியிலேயே வோல்டேஜ் குறையும். 2,000 வாட் மெஷின் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதை 1 ஸ்கொயர் எம்.எம் வயரில் 30 மீட்டர் தள்ளி ஓட்டினால், 10 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். ஏறக்குறைய 90 வாட் மின்சாரம் வயரைச் சூடாக்கவே செலவாகும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் வேகம் குறையும்; நாம் இன்னும் அழுத்துவோம்; மோட்டார் கூடுதல் கரன்ட் இழுத்துக் கொதிக்கும். கடைசியில் காயில் எரிந்து, ரீவைண்டிங் செலவு வரும்.

எவ்வளவு தடிமன்?

காப்பர் வயருக்கு ஒரு தோராயக் கணக்கு:

* டிரில்லிங் மெஷின், 4 இன்ச் கிரைண்டர் (850 வாட் வரை): 10 மீட்டருக்கு 1 ஸ்கொயர் எம்.எம், 30 மீட்டருக்கு 1.5.
* 14 இன்ச் கட்டிங் மெஷின் (2,000 - 2,400 வாட்): 10 மீட்டருக்கு 1.5, 30 மீட்டருக்கு 2.5, 50 மீட்டருக்கு 4.

வெல்டிங் மெஷினுக்கு இந்தக் கணக்கு ஆகாது, எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்க வீடியோக்களில் '14 கேஜ்' என்பார்கள். அதில் எண் கூடக் கூட வயர் மெலியும். 14 கேஜ் என்பது சுமார் 2 ஸ்கொயர் எம்.எம். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அதே வாட் மெஷின் அங்கே ஏறக்குறைய இரு மடங்கு கரன்ட் இழுக்கும். அதனால் அவர்கள் அட்டவணை நமக்குச் சரிவராது.

இதையும் கவனியுங்க

* 2,000 வாட் மெஷினுக்கு 6 ஆம்பியர் பிளக் வேண்டாம். 16 ஆம்பியர் பிளக், சாக்கெட்தான் சரி.
* எர்த் சேர்த்து 3 கோர் வயரே வாங்குங்கள். மெட்டல் பாடி மெஷினில் கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்த மூன்றாவது வயர்தான்.
* சுருட்டிய வயரை முழுக்கப் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுருளுக்குள் சூடு வெளியேறாமல் இன்சுலேஷன் உருகும்.
* இரண்டு எக்ஸ்டென்ஷனை ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். டேப் சுற்றிய ஜாயின்ட், மழைக்காலத்தில் ஷாக் அடிக்கக் காத்திருக்கும் இடம்.
* ஈரமான சைட்டில், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி உள்ள லைனிலிருந்து மட்டும் கரன்ட் எடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய வயர் போதுமா என்று தெரிய ஒரு சுலப வழி: பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, வயரைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால், அடுத்த சைஸ் வயருக்கு மாறும் நேரம் வந்துவிட்டது!